பொங்கல் தின்னாத கழுகு

உ

மாமல்லபுரம்,
ஜய வருடம், புரட்டாசி 25
(11-10-1954)

ஆருயிர்த் தோழி ரெபேக்காளுக்கு,

காலம் எனும் கொடிய கடல், நம் இரு உள்ளங்களையும் இரு கரைகளில் ஒதுக்கிவிட்டது. ஆயினும், தோழி, அலைகள் ஓய்வதுண்டோ? அன்பு மாய்வதுண்டோ? அன்று புதுப்பட்டினத்து மணலில் உன்னோடு கைகோத்துத் திரிந்த ஷஹர்பானு, இன்று ஒரு தாயாக, கண்ணீரை மையாக்கி இம்மடலை வரைகிறேன்.

நீ எழுதிய 'கடலுக்குப் போன பாப்பா'வை, தமிழ்க் குழந்தைகள் பதினைந்து ஆண்டுகளாக நெஞ்சில் சுமக்கும் அந்தப் பொக்கிஷத்தை, சென்னைக் கம்பெனி ஒன்று இங்கே கடற்கரையில் படமாக்கி வருவது நீ அறிந்ததே. என் கணவர் சுலைமான் பஸ் நிற்கும் இடத்தில் நாஸ்தாக் கடை வைத்திருக்கிறார். படக் கம்பெனிக்குச் சாப்பாடு எங்கள் கடையிலிருந்துதான். பாப்பாவாக நடிக்கும் பேபி கண்ணகிக்கு உப்புத் தண்ணீர் என்றாலே நடுக்கம். ஆகவே கடைசிக் காட்சியில், காணாமல் போன தகப்பனைத் தேடிப் பாப்பா தனியே கட்டுமரம் ஏறும் கட்டத்தில், அவளுக்கு டூப்பாக என் ஒரே மகள் சுராயாவை ஏற்றப்போகிறார்கள். டைரக்டர் கருமேகத்துக்காகக் காத்திருக்கிறார். மேகம் கூடிய அன்று படப்பிடிப்பு. அது கடலா, தோழி? காலனின் வாய்!

பாப்பா திரும்பி வராமலே கதை முடிய வேண்டும், மாற்றக் கூடாது என்று நீ ஒப்பந்தத்தில் கண்டிப்பாக எழுதி வாங்கியிருக்கிறாயாம். கம்பெனியார் மூன்று முறை கேட்டும் மறுத்தாயாம். ஒரே ஒரு கையெழுத்து! பாப்பா திரும்பி வருவதாக மாற்றச் சம்மதித்துவிடு. என் மகள் கடலில் இறங்க வேண்டியிராது. விதியே, ஒரு தாயின் கண்ணீரில்தான் உன் தாகம் தணிய வேண்டுமா?

உன் உயிர்த் தோழி,
ஷஹர்பானு

*

செங்கல்பட்டு,
14-10-1954

ஷஹர்பானுவின் பெயரில் எழுதியவருக்கு,

கடிதம் கிடைத்தது. நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகத்துக்கு ஆள் தேவைப்படும்போது சொல்லி அனுப்புகிறேன்.

ஐயா, வேஷம் போடுகிறவர் காலில் சலங்கையோடு தெருவில் நடக்கக் கூடாது. ஒரு முஸ்லிம் பெண் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடுவாளா? புரட்டாசி 25 என்று தேதி வைப்பாளா? போகட்டும், அதெல்லாம் கைப்பழக்கம். ஆனால் ஷஹர்பானுவுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. அவள் வீட்டில் பெண்களுக்கு அரபு எழுத்தில் தமிழை எழுதத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழில் எழுத வராதவள் இத்தனை ஆச்சரியக் குறிகளை எங்கே வாங்கினாள்?

கம்பெனியார் முதலில் மானேஜர் ராஜாராமை அனுப்பினார்கள். 'முடிவில் ஒரு பாட்டு வைத்தால் ஜனங்கள் அழாமல் வீட்டுக்குப் போவார்கள்' என்றார். முடியாது என்றேன். அடுத்து வசனம் எழுதும் வாசுதேவன் வந்தார். காபி குடித்துவிட்டு, என் கதையை எனக்கே சொல்லி அழுதார். அவரிடமும் முடியாது என்றேன். மூன்றாவது தடவை ரிஜிஸ்தர் தபால். இப்போது நாலாவது தடவை, பர்தா போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயை எனக்கு நன்றாகத் தெரியும்.

என் கதையில் ஏற்கனவே ஒரு நாயைச் சேர்த்துவிட்டீர்கள். பழகிய நாய் சும்மா கிடைத்ததாம். ஏழைச் செம்படவனான பாப்பாவின் அப்பா, படத்தில் ஜமீன்தாரின் தொலைந்து போன பிள்ளை ஆகிவிட்டார் என்று கேள்வி. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். முடிவில் மட்டும் கை வைக்க விடமாட்டேன்.

இருந்தாலும், ஒரு வேளை எழுதியது ஷஹர்பானுவாகவே இருந்தால் என்று ராத்திரி ஒரு யோசனை வந்து தொந்தரவு செய்தது. அதற்காக ஒரு கேள்வி. திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிவேளைக்குச் சாப்பிட வரும் இரண்டு கழுகுகளும், போகிற வழியில் சதுரங்கப்பட்டினம் கோட்டைச் சுவரில் இளைப்பாறும் என்று சின்ன வயதில் ஷஹர்பானுவும் நானும் நம்பினோம். அவற்றுக்குச் சாப்பாடு வைப்போம். புத்தகத்தில் பாப்பா சர்க்கரைப் பொங்கல் வைக்கிறாள். அது ஊருக்கே தெரியும். நாங்கள் நிஜத்தில் என்ன வைத்தோம்?

பதில் தெரியாவிட்டால் தபால் செலவு வேண்டாம்.

ரெபேக்காள்
தமிழ் ஆசிரியை

*

786

மாமல்லபுரம்,
17-10-1954

ரெபேக்காள் டீச்சர் அவர்களுக்கு, அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது மகள் சுராயா. அம்மா பேசுவதை நான் எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுகிறேன். 'திட்றத மட்டும் அப்படியே எழுது, மாத்தினா காரம் பூடும்' என்று அம்மா சொல்கிறாள். அதனால் முதல் பத்தி அப்படியே.

இன்னாடி ரெபேக்கா, நான் செத்தா பூட்டேன்? என் பேர்ல வந்த கடுதாசிக்கு 'ஐயா'ன்னு பதில் போட்டுகீறியே, ஒனக்கு மூளை கீதா, இல்ல அதையும் பள்ளிக்கூடத்துப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டியா? கேள்வி கேக்கிறியே, நீ யாருடி என்னைக் கேக்க?

இனி எழுத்துத் தமிழ். முதல் கடிதத்தை எழுதியது வாசுதேவன் ஐயாதான். அவர் தினமும் காலையில் எங்கள் கடையில் ஆப்பம் சாப்பிடுவார். எனக்குத் தமிழ் எழுத வராது. சுராயாவை எழுதச் சொன்னால் அவள் அத்தாவிடம், அதுதான் என் வீட்டுக்காரரிடம், போய்ச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். வாசுதேவன் ஐயா புத்தகமெல்லாம் எழுதுகிறவர், அழகாக எழுதுவார் என்று நினைத்து விஷயத்தைச் சொன்னேன். 'கவலைப்படாதீங்கம்மா, கல்லும் கரையும்' என்றார். கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். படித்துக் காட்டும்போது அவரே அழுதார். நான் சொன்னது நாலு வரி. மற்றதெல்லாம் அவருடையது. சினிமாக்காரரிடம் கடிதம் எழுதச் சொன்னது என் புத்தி. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். உன் பதிலைச் சுராயாவிடம் கொடுத்துத்தான் படிக்க வேண்டியதாயிற்று. இனி அவளிடம் மறைக்க ஒன்றுமில்லை.

உன் கேள்விக்குப் பதில். நெத்திலிக் கருவாடு. எங்கள் அம்மா பானையிலிருந்து நான் திருடுவேன். நீ பனையோலையில் மடித்துப் பாவாடையில் செருகிக்கொள்வாய். முதல் நாள் காக்காய் தூக்கிக்கொண்டு போனது. ஒரு நாள் நிஜமாகவே ஒரு கழுகு இறங்கித் தின்றது. நான் கை தட்டினேன். நீ அழுதாய். 'அது பொங்கல் சாப்பிடுற சாமி பட்சி, கருவாட்டு நாத்தத்தோட போனா கோயில்ல சேக்க மாட்டாங்க, நாமதான் கெடுத்துட்டோம்' என்று தேம்பித் தேம்பி அழுதாய். உங்கள் ஆட்களைக் கோயிலில் சேர்க்காதது போலவே அதையும் தள்ளிவிடுவார்கள் என்று உனக்குப் பயம். போதுமா? இன்னும் வேண்டுமா?

இப்போது நான் கேட்கிறேன். சுராயா பள்ளிக்கூடத்திலிருந்து உன் புத்தகத்தைக் கொண்டுவந்து படித்தாள். கழுகு வந்தது, கோட்டைச் சுவர் வந்தது. இது ரெபேக்காதான், இது நாம்தான் என்று அடுப்பை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டேன். கடைசியில் பாப்பா கட்டுமரம் ஏறிப் போகிறாள், வரவில்லை. அவள் அம்மா கரையில் விளக்கை வைக்கிறாள், அவ்வளவுதான் என்கிறாள் சுராயா. அடுத்த பக்கம் எங்கே என்று நான் கேட்டேன். அடுத்த பக்கம் விளம்பரம். என்னை ஏன்டி கடலில் விட்டாய்?

அது போகட்டும். என் பெண்ணை விட்டுவிடு. கட்டுமரக்காரர் ராமதாஸ் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 'மேகம் கறுத்தா நாங்க மரத்தைக் கரையில ஏத்துவோம், இவுங்க அப்போதான் எறக்கணும்னு நிக்கிறாங்க' என்று சிரித்தார். கம்பெனி வேறு ஊரிலிருந்து ஆள் பிடித்திருக்கிறது. நீ கையெழுத்துப் போட்டால் கடல் காட்சியே வேண்டாமாம். போடுடி.

ஷஹர்பானு

*

செங்கல்பட்டு,
20-10-1954

பானு,

உன் கடிதத்தை வகுப்பு நடுவில் படித்தேன். பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்த முடியவில்லை, கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் நான் முழுதும் நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. உன் கடிதம் வந்த அன்றே பள்ளி நூலகத்துக்கு ஒரு சினிமாப் பத்திரிகையும் வந்தது. அதில் நம் படத்தின் ஸ்டில் ஒன்று. பேபி கண்ணகி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். எதிரே கழுகு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கையில் இருப்பது பொங்கல் இல்லை, நெத்திலி. புத்தகத்தில் இல்லாத கருவாடு கம்பெனிக்கு எப்படித் தெரிந்தது? நான் கேட்ட கேள்விக்குப் பதில், நான் கேட்பதற்கு முன்பே அச்சாகிவிட்டது.

நான் அழுதது பத்திரிகையில் வரவில்லை. ஆகவே நீ ஷஹர்பானுதான். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. நீ பல நாளாக அவர்களோடு பேசிப் பழகியிருக்கிறாய். நான் இருக்கும் ஊர் தெரியும், பள்ளி தெரியும். நடுவில் ஒரு மணி நேர பஸ் பிரயாணம். அப்போதெல்லாம் எழுதாதவள், கம்பெனிக்கு என் கையெழுத்து வேண்டும்போது எழுதுகிறாய். உன்னிடம் அவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள்? சுராயாவை அடுத்த படத்தில் சேர்ப்பதாகவா? சுலைமானுக்குக் கோடம்பாக்கத்தில் கடை வைத்துக் கொடுப்பதாகவா?

பொங்கல் நான் எழுதியதும் இல்லை. நான் கருவாடு என்றுதான் எழுதினேன். அச்சிட்டவர், கோயில் பறவைக்குக் கருவாடா, ஊர் கொளுத்திவிடும் என்று மாற்றினார். நான் அப்போது சின்னப் பெண், பேசாமல் இருந்துவிட்டேன். அன்றைக்குப் பொங்கலில் விட்டுக்கொடுத்ததால்தான் இன்றைக்கு முடிவில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறேன்.

ஏன் பாப்பாவைக் கடலில் விட்டாய் என்று கேட்கிறாய். நீ போனாயே, அதனால். படிக்கப் போன விடுதியிலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தேன். கோட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தேன். மறுநாளும் உட்கார்ந்தேன். கடைசியில் உங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டதற்கு, 'கட்டிக் குடுத்தாச்சு, வாணியம்பாடி போயிட்டா' என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் போனவள் நீ. போனவள் வரவில்லை என்றுதான் எனக்கு எழுதத் தெரிந்தது. வருஷா வருஷம் பிள்ளைகள் கடிதம் போட்டு, 'பாப்பா திரும்பி வந்தாளா?' என்று கேட்கிறார்கள். நான் யாருக்கும் பதில் எழுதுவதில்லை. எனக்கே தெரியாததை எப்படி எழுதுவேன்?

இன்னொன்று. இதை நிதானமாகக் கேள். பாப்பா திரும்பி வருவதாக நான் கையெழுத்துப் போட்டால், திரும்பி வருகிற கட்டுமரத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? பேபி கண்ணகியா? போகிறதைக் காட்டாமல் வருகிறதைக் காட்ட முடியுமா? இப்போது உன் மகள் ஒரு தடவை போக வேண்டும். நான் கையெழுத்துப் போட்டால் போக வேண்டும், வரவும் வேண்டும். அலை உடைகிற இடத்தில் கட்டுமரம் கரையேறும்போது என்ன ஆகும் என்று ராமதாஸைக் கேட்டுப் பார். கடல் காட்சியே வேண்டாம் என்று உன்னிடம் சொன்னவர் யார்? பெயரை எழுது.

ஒன்று, அவர்கள் உன்னை ஏமாற்றுகிறார்கள். இல்லையென்றால் நீ என்னை ஏமாற்றுகிறாய். மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை.

அதுவும் இல்லாமல், நீ தாய். பெண்ணைக் கையைப் பிடித்து வீட்டில் உட்கார வைக்க உனக்கு என் கையெழுத்து எதற்கு?

ரெபேக்காள்

*

786

மாமல்லபுரம்,
23-10-1954

ரெபேக்கா,

கல்யாணம் ஆகாதவள் பேசுகிற பேச்சு இது. 'நீ தாய், பிடித்து உட்கார வை' என்கிறாய். எங்கள் வீட்டில் நான் வேண்டாம் என்றால், அதனாலேயே அது வேண்டும் என்று ஆகிவிடும். சுராயாவின் அத்தா நல்ல மனிதர்தான். ஆனால் கடையில் நாலு பேர் முன்னால் ராஜாராமிடம் 'சரி' என்று சொல்லிவிட்டார். சொன்ன வாக்கை அவர் இதுவரை மாற்றியதில்லை. 'முகமா தெரியப் போவுது? முதுகுதானே. நம்ம புள்ள நீஞ்சாத கடலா?' என்கிறார். மேலே பேசினால், 'பேஜாரு பண்ணாத, வாக்கு வாக்குதான்' என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார்.

கருவாட்டு விஷயம் கேட்கிறாயே, அதையும் கேட்டுக்கொள். மெட்ராசிலிருந்து ஒரு கழுகைக் காலில் கயிறு கட்டிக் கொண்டுவந்தார்கள். புத்தகத்தில் இருக்கிறபடி தினமும் அதற்கு முன்னால் பொங்கல் வைத்தார்கள், முந்திரிப் பருப்பெல்லாம் போட்டு. கழுகு பொங்கல் தின்னுமா? தலையைத் திருப்பிக்கொண்டு பட்டினி கிடந்தது. டைரக்டர் அதன் முன்னால் உட்கார்ந்து கெஞ்சினார். ஆப்பம் கொடுக்கப் போன நான் பார்த்துவிட்டுச் சிரித்தேன். சமையல்கட்டிலிருந்து நாலு நெத்திலியை எடுத்துப் போட்டேன். பிடுங்கிக்கொண்டது, அதையே கண்ணகி கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள். அவ்வளவுதான் நான் கம்பெனியோடு பேசிப் பழகியது. இதற்கு நீ கோடம்பாக்கத்தில் கடை வைத்துக் கொடுத்துவிட்டாய்.

வாணியம்பாடிக்குச் சொல்லாமல் போனேன் என்கிறாய். நிக்காஹ் ஆன மறுநாள், முக்காட்டைப் போட்டுக்கொண்டு சேரிக்கு உங்கள் வீடு வரை நடந்தே வந்தேன். வந்தது தெரிந்து எங்கள் வீட்டில் வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது. உன் அப்பா வெளியே கயிறு திரித்துக்கொண்டிருந்தார். 'ரெபேக்கா இல்லியா நைனா?' என்று கேட்டேன். 'படிக்கப் போயிகீது. அதும் படிப்பு கெடும், நீ தேடாதம்மா' என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கும்பிட்டுச் சொன்னார். நான் கொண்டுபோன பொட்டலத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். நெத்திலிதான். அதை உனக்குக் கொடுத்தாரா, நாய்க்குப் போட்டாரா, எனக்குத் தெரியாது. நீ ஒரு பதில் சொல்லி அனுப்புவாய் என்று பார்த்தேன். படித்தவள் ஆகிவிட்டாள், கருவாட்டுக்காரியை மறந்துவிட்டாள் என்று முடிவு பண்ணினேன். அதனால்தான் கடை வைக்க இந்தப் பக்கம் திரும்பி வந்த பிறகும் இத்தனை வருஷம் எழுதவில்லை. பஸ் இருப்பது எனக்கும் தெரியும். மனசு இல்லை.

திரும்பி வருகிற கட்டுமரத்தில் யார் என்று எழுதியிருந்தாயே. சுராயா அந்த வரியைப் படித்தபோது மறுபடி படிக்கச் சொன்னேன். அந்த யோசனையே எனக்கு வரவில்லை. கடல் காட்சி வேண்டாம் என்று சொன்னது ராஜாராம். உடனே போய்க் கேட்டேன். 'அதெல்லாம் தொட்டியில எடுத்துக்குவோம்மா' என்றார். 'எந்தத் தொட்டி?' என்றேன். 'மெட்ராஸ்ல' என்றார். அப்புறம் கருமேகத்துக்கு ஏன் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் டீ ஆறுகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நேற்று வானொலியில் மழை என்று சொன்னார்களாம். கம்பெனியில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

நான் முட்டாள்தான். பொய்க்காரி இல்லை. நம்பினால் நம்பு.

ஷஹர்பானு

பின்குறிப்பு: டீச்சர், இது அம்மாவுக்குத் தெரியாமல் நானே எழுதுவது. தயவு செய்து கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு உங்கள் முடிவுதான் பிடிக்கும். பாப்பா திரும்பி வந்தால் எல்லாப் படம் மாதிரியும் ஆகிவிடும். எனக்குக் கட்டுமரத்தில் போக ரொம்ப ஆசை. ராமதாஸ் மாமா, 'இந்தக் காத்துல மரம் ரெண்டா பொளக்கும்' என்று அத்தாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். ஆனால் எனக்கு நீச்சல் தெரியும். அம்மா சும்மா பயப்படுகிறாள். இப்படிக்கு, சுராயா, ஆறாம் வகுப்பு.

*

செங்கல்பட்டு,
25-10-1954

பானு,

உன் மகளை அடிக்காதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தின் அடியில் அவள் தன் சொந்தச் சரக்காக நாலு வரி சேர்த்திருக்கிறாள். கையெழுத்துப் போட வேண்டாம் என்று என்னிடம் கெஞ்சியிருக்கிறாள். அந்த நாலு வரிதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. கம்பெனி சொல்லி எழுதிய கடிதமாக இருந்தால், கையெழுத்துப் போடு என்று நூறு விதமாக எழுதியிருக்கும். போடாதே என்று ஒரு வரி எழுதுமா? மரம் இரண்டாகப் பிளக்கும் என்று கேட்ட பிறகும் போக ஆசைப்படுகிற பிள்ளை ஒன்று நிஜமாகவே அங்கே இருக்கிறது. என் புத்தகத்தைப் படித்துத்தான் அந்த ஆசை வந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, பானு.

இனி அந்தப் பொட்டலம். அப்பா அதை நாய்க்குப் போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு எடுத்து வந்து கொடுத்தார். யார் கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை. சந்தையில் வாங்கியிருப்பார் என்று நான் கேட்கவும் இல்லை. விடுதிக் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, மாதம் முழுக்க வைத்துத் தின்றேன். நீ விடைபெற்றுக்கொண்டு போனதைத்தான் தின்றுகொண்டிருக்கிறேன் என்று தெரியாது. அதைத் தின்ற வாயால்தான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது யாரைக் கேட்பது?

நான் செய்திருப்பது இதுதான். கம்பெனி கேட்ட முடிவுக்கும் கையெழுத்து இல்லை, என் பழைய முடிவும் வேண்டாம். புது முடிவு ஒன்று எழுதி, அதன் அடியில் கையெழுத்துப் போட்டு, இன்று ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பாப்பா கட்டுமரத்தைத் தண்ணீர் வரை இழுத்துக்கொண்டு போகிறாள். அப்போது பாறை மேலிருந்து இன்னொரு பெண் அவளைக் கூப்பிடுகிறாள். பாப்பா கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறாள். கட்டுமரம் மணலிலேயே கிடக்கிறது. கடலில் யாரும் இறங்குவதில்லை. விளக்கை அந்த இரண்டு பெண்களும் சேர்ந்து வைக்கிறார்கள். பேபி கண்ணகியின் கால்கூட நனையாது.

அந்த இன்னொரு பெண் புத்தகத்தில் இல்லை. நம் இரண்டு பேரையும் ஒருத்தியாக்கித் தனியாக விட்டுவிட்டேன், அதனால்தான் அவளைத் தடுக்க ஆளில்லாமல் போயிற்று. அந்தப் பெண்ணாகச் சுராயா நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். காட்சி முழுதும் முதுகு மட்டும்தான் தெரியும், குரல் மட்டும்தான் கேட்கும். சுலைமானிடம் சொல், அவர் கொடுத்த வாக்கு முதுகுக்குத்தான்.

எந்தப் பிள்ளையையாவது தண்ணீரில் இறக்கினார்கள் என்று தெரிந்தால், தமிழ்நாட்டில் உள்ள அத்தனை குழந்தைப் பத்திரிகைக்கும் எழுதுவேன் என்றும் சேர்த்திருக்கிறேன். ஒப்புக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறேன். பாப்பா உயிரோடு இருந்தால் போதும் அவர்களுக்கு. ஆனால் கையெழுத்து கைக்கு வந்த பிறகு சினிமாக்காரர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. அந்த மேகத்தைப் பார்த்தால் டைரக்டருக்குப் புத்தி மாறும். நான் அங்கே இல்லை. நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணை எடுக்காதே.

ரெபேக்காள்

*

786

மாமல்லபுரம்,
3-11-1954

ஏய் ரெபேக்கா,

நீ சந்தேகப்பிராணி என்று நான் சின்ன வயதிலேயே சொல்வேன். அதற்காக இந்த ஒரு தடவை அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை மத்தியானம் மேகம் வந்தது. அப்படி ஒரு கறுப்பு நான் பார்த்ததில்லை. உன் முடிவை அவர்கள் ஒப்புக்கொண்டு, உன் கையெழுத்தும் பெட்டிக்குள் போய்விட்டது. பாறை, மணல், சுராயாவின் முதுகு, எல்லாம் பேசி வைத்தபடி ஆரம்பித்தார்கள். அப்புறம் டைரக்டர் கடலைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். ராஜாராம் காதில் ஏதோ சொன்னார். ராஜாராம் வந்து சுராயாவிடம், 'ஒரே ஒரு ஷாட்டு பாப்பா, ஏறி உக்காந்து ஒரு அலை, அவ்ளோதான், எறங்கிடலாம்' என்றார். அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அவள் அத்தா பக்கத்திலேயே நின்றார்.

நான் அடுப்பிலிருந்து வந்தவள், கையில் கரண்டி. நேரே போய்க் கட்டுமரத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இறங்குங்கம்மா என்றார்கள். மாட்டேன் என்றேன். லைட் போயிடும் என்றார்கள். போகட்டும் என்றேன். 'மரத்தைத் தள்ளணும்னா என்னோட சேத்துத் தள்ளு, என்னுதும் முதுகுதானே, எடுத்துக்கோ' என்றேன். ராஜாராம் சுலைமானைப் பார்த்து, 'இன்னாய்யா, வாக்குக் குடுத்தியே' என்று கத்தினார். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். 'வாக்கு வாக்குதான் சார். புள்ளைய ஏத்திக்குங்க, நான் தடுக்கல. ஆனா மரத்துல எடம் இல்ல போல கீதே' என்றார். வேடிக்கை பார்க்க வந்திருந்த ராமதாஸ் சிரித்த சிரிப்பில் அந்தப் படத்து நாய்கூடக் குரைத்தது. இத்தனை வருஷத்தில் அந்த மனிதரை நான் இவ்வளவு பிரியத்தோடு பார்த்ததில்லை.

கடைசியில் டைரக்டர் வெறும் மரத்தையாவது தள்ளி எடுப்போம் என்றார். நான் இறங்கிக்கொண்டேன். தள்ளினார்கள். இரண்டாவது அலையில் அது செங்குத்தாக எழும்பியது. கயிறு அறுந்து கட்டை கட்டையாகப் பிரிந்து கரைக்கு வந்தது. ஒரு கட்டை காமிராவுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. சுராயா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கட்டுமர ஆசை வரவில்லை. (இதை எழுதச் சொல்லி அம்மா கட்டாயப்படுத்துகிறாள். கொஞ்சம் ஆசை இருக்கிறது. வெயில் காலத்தில்.)

மறுநாள் வேறு கட்டுமரத்தை மணலில் வைத்து உன் காட்சியை எடுத்தார்கள். பாறை மேல் நிற்கிற பெண் பேச வாசுதேவன் ஐயா ஒரு பக்கத்துக்கு வசனம் எழுதியிருந்தார். 'ஓ அலைகளே' என்று ஆரம்பம். சுராயாவுக்குப் பாதி மறந்துவிட்டது. பேபி கண்ணகி கயிற்றை இழுத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போகிறாள். இவள் முழித்தாள். அப்புறம் கத்தினாள், 'ஏய், எங்கடி போற? வா, கருவாடு கீது!' அந்தப் பெண் வசனத்தில் இல்லாததைக் கேட்டு நிஜமாகவே திரும்பிப் பார்த்துவிட்டது. டைரக்டர், 'இதான்' என்றார். வாசுதேவன் ஐயா அழுதார். அவர் எதற்கும் அழுவார்.

இனி உன் பிள்ளைகள் கேட்டால் பதில் எழுது. பாப்பா திரும்பினாள் என்று எழுது. ஆனால் எனக்கு இவர்கள் மேல் இன்னும் நம்பிக்கை இல்லை. மெட்ராசில் வெட்டி ஒட்டும்போது என்ன செய்வார்களோ. கருவாட்டை மறுபடி பொங்கலாக்கினாலும் ஆக்குவார்கள். படம் செங்கல்பட்டு டென்ட் கொட்டகைக்கு வந்தவுடன் முதல் ஆட்டம் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்.

கம்பெனி நேற்று மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. கழுகை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நானே காலில் இருந்த கயிற்றை அறுத்துவிட்டேன். திருக்கழுக்குன்றம் பக்கமாகப் பறந்தது. அங்கே பொங்கல்தான் வைப்பார்கள், இது தின்னாது. கோட்டைச் சுவருக்குத்தான் வரும் என்று சுராயா சொல்கிறாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் சுராயாவும் சதுரங்கப்பட்டினம் கோட்டையில் இருப்போம். உச்சிவேளைக்கு. அவள் அத்தாவிடம் சொல்லிவிட்டேன், தலையாட்டினார். கையை வீசிக்கொண்டு வராதே. என்ன கொண்டு வர வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். அது உனக்குக் கேள்வி. நீ வராவிட்டால், இத்தனை நாள் ரெபேக்காள் பெயரில் எனக்குக் கடிதம் எழுதியது வேறு யாரோ என்று எண்ணிக்கொள்வேன்.

கீழே கையெழுத்து என் கையால், எனக்குத் தெரிந்த எழுத்தில் போடுகிறேன். நான் சொல்லிக்கொடுத்ததுதானே, படித்துக்கொள்.

شهربانو